ஆண்டவருக்கு வந்த படுக்கைப் புண்

வெள்ளித்தாழை ஊர்க் கோயிலின் செத்த ஆண்டவருக்கு முதுகில் புண் வந்த வருஷம், காற்று முன்னதாகவே நின்றுபோய், கடல் எண்ணெய் ஊற்றி வைத்தது போல அசையாமல் கிடந்தது. வலைக்குப் போனவர்கள் வெறும் வலையோடு திரும்பினார்கள், திரும்பினவர்கள் கரையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் குறை சொன்னார்கள். ஆகையால் கோயிலுக்குள்ளிருந்து ஒரு நாற்றம் வருகிறது என்று யாரோ சொன்னபோது, ஊரில் நாறுவதற்கு எத்தனையோ இருக்க அதுவும் ஒன்று என்று விட்டுவிட்டார்கள்.

அந்தக் கோயிலில் சிலுவையிலிருந்து இறக்கின ஆண்டவரின் மரச் சொரூபம் ஒன்று உண்டு. ஆள் உயரம், தோளில் மூட்டு வைத்தது. ஏதோ ஒரு காலத்தில் தோணியில் வந்தது என்பார்கள், எங்கிருந்து என்று கேட்டால் ஆளுக்கொரு துறைமுகத்தைச் சொல்வார்கள். வருஷம் முழுக்க அது பீடத்துக்குப் பக்கத்து அறையில் நீளப் பெட்டிக்குள் மல்லாந்து கிடக்கும். பெரிய வெள்ளியன்று மட்டும் அதை வெளியே எடுத்து, பன்னீரில் துடைத்து, பாடை போல ஜோடித்த பல்லக்கில் கிடத்தி, ஒப்பாரி வைத்து, தெருத்தெருவாகத் தூக்கிப் போவார்கள். அந்தப் பல்லக்குக்கு ஆசந்தி என்று பெயர். ஆசந்திக்குப் பணிவிடை செய்கிறவர்களுக்கு ஒரு முறைமை இருந்தது: ஆண்டவரைத் தொட்ட கை, அவர் பெட்டிக்குத் திரும்பும்வரை வேறு எதையும் தொடக்கூடாது. அதை மீறினால் கடல் பொய்த்துப்போகும் என்று சொல்வார்கள், அது ஏற்கெனவே பொய்த்துத்தான் கிடந்தது.

பெரிய வெள்ளிக்கு முந்தின தவசுக்கால நோன்பின் முதல் வெள்ளியன்று, தூசி தட்டுவதற்காகப் பெட்டியைத் திறந்தார் கோயில் கமிட்டித் தலைவர் கஸ்பார். லாஞ்சு வைத்திருப்பவர், நல்ல மனுஷர், யாருக்கும் இல்லை என்று சொல்லமாட்டார், நாளைக்கு என்றுதான் சொல்வார். சொரூபத்தைப் புரட்டிப் பார்த்தபோது இடுப்பெலும்புக்குக் கீழே வர்ணம் உரிந்து ஈரமாக இருந்தது. செல்லுப்பூச்சி அரித்திருக்கிறது என்று ஆசாரியைக் கூப்பிட்டார்கள். ஆசாரி உளியை எடுத்தார், விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார், விரல் புதைந்தது. உளியைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு, "இது நம்ம வேலை இல்ல. கித்தேரியக் கூப்பிடுங்க," என்றார்.

கித்தேரியாள் கருவாட்டுக்காரி. புருஷன் கடலில் போனவள், பிள்ளை கிடையாது. கூடையைத் தலையில் வைத்து வீடு வீடாகப் போகிறவள், எந்த வீட்டில் யார் கிடையில் கிடந்தாலும் கூடையை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே போய் அவர்களைத் துடைத்து, புரட்டிப் போட்டு, பீத்துணியை அலசிக் காயப்போட்டுவிட்டு வருவாள். ஏன் செய்கிறாள் என்று அவளுக்கும் தெரியாது. பக்தி என்றும் சொல்ல முடியாது, பூசைக்குக் கடைசியில் வந்து முதலில் போகிற கூட்டத்தைச் சேர்ந்தவள். முனகல் கேட்டால் காது சும்மா இருக்க விடாது, அவ்வளவுதான். ஊரில் அவளை நல்லவள் என்றார்கள். அந்தக் கையால் ஒரு டம்ளர் காப்பி கொடுத்தால் மட்டும், இப்பத்தான் குடிச்சேன் என்றார்கள்.

அவள் வந்து குனிந்து பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள்.

"படுக்கைப் புண்ணு," என்றாள். "ஒரே கெடையா மல்லாக்கப் போட்டா மனுசனுக்கு வராம என்ன செய்யும்? ஒருச்சாச்சுப் படுக்கப் போடுங்க. வெந்நி வேணும், வெள்ளைத் துணி வேணும்."

இப்படித்தான் தொடங்கியது. யாரும் மயங்கி விழவில்லை, யாரும் ஓடவில்லை. ஆண்டவர் மரத்தில் இத்தனை வருஷம் படுத்துக் கிடந்திருக்கிறார், அவருக்கும் முதுகு என்று ஒன்று இருக்கிறதே என்று பெண்கள் அழுதார்கள். பங்குச் சாமியார் சுவக்கின் மட்டும் நெடுநேரம் அந்தப் புண்ணையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, மேலிடத்துக்குச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, யோசித்துக்கொண்டே இருந்துவிட்டார்.

ஊர் அந்தப் புண்ணைத் தன் புண்ணாக எடுத்துக்கொண்டது. தெருவுக்கு ஒரு நாள் என்று முறை வைத்தார்கள். வடக்குத் தெரு வெந்நீர் கொண்டுவந்தால் தெற்குத் தெரு வெந்நீரில் வேப்பிலை போட்டுக் கொண்டுவந்தது, தெற்குத் தெரு விசிறிவிட்டால் வடக்குத் தெரு மின்விசிறியே வாங்கி மாட்டியது. பட்டு மெத்தை தைத்தார்கள். தூத்துக்குடியிலிருந்து தண்ணீர்ப் படுக்கை வாங்கி வந்தார்கள், அது ஆண்டவரின் பாரம் தாங்காமல் கோயில் பூராவும் ஒழுகியது. பெற்ற தகப்பனுக்குக் கஞ்சி ஊற்ற நேரமில்லாத பையன்கள் கைகட்டி வரிசையில் நின்று ஆண்டவருக்கு ஈ ஓட்டினார்கள். புண் துடைத்த பஞ்சுக்கு அடிபிடி நடந்தது. வெளியூர்களிலிருந்து வேன் வேனாக ஆட்கள் வந்தார்கள், அவர்களுக்கு டீக்கடை வந்தது, டீக்கடைக்குப் பக்கத்தில் மெழுகுதிரிக்கடை வந்தது, செத்துக் கிடந்த கடற்கரை திருவிழாக் கடற்கரையாகிவிட்டது.

புண்ணைத் தொட்டுத் துடைப்பது மட்டும் கித்தேரியின் வேலை. அவளுக்கு வெள்ளைச் சேலை எடுத்துக் கொடுத்தார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டார்கள். நேற்றுவரை அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க யோசித்தவர்கள் இன்று அதே கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். முதல் நாள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அப்புறம் இழுக்கவில்லை. அதற்கும் அப்புறம், ஒருவர் ஒற்றாமல் போனால் யார் அது என்று திரும்பிப் பார்த்தாள். அவளைக் குறை சொல்லி என்ன, வெயிலில் கூடை சுமந்த தலைக்கு நிழல் கிடைத்தால் யாருக்குத்தான் எழுந்து போக மனம் வரும்.

எழுந்து போகவேண்டிய இடம் ஒன்று இருந்தது. ஊரின் மேற்கு முடுக்கில், ஒரு குறுகல் சந்தில், சந்தியாகு கிடந்தான்.

சந்தியாகு சங்கு குளித்தவன். கொடியேற்றத் திருநாளில் யாரும் கடலுக்குப் போகக்கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. அவன் போனான். போனவன் ஆழத்திலிருந்து அவசரமாக ஏறிவந்ததில் இடுப்புக்குக் கீழே விளங்காமல் போய்விட்டது. ஆண்டவர் கொடுத்த தண்டனை என்றது ஊர். தண்டனை என்றால் அதில் யார் தலையிடுவது? பெண்டாட்டி செத்தாள், கொல்லத்தில் கட்டிக்கொடுத்த மகள் வரவில்லை. கயிற்றுக் கட்டிலில் கிடந்தபடியே அவன் ஊரையும், கமிட்டியையும், கடலையும், தன் கால்களையும் முறை வைத்து வைவான். வருஷக்கணக்காக அவனிடம் தினமும் காலையில் போய் வசவு வாங்கிக்கொண்டு, திருப்பி வைதுகொண்டு, கழுவிவிட்டுக் கஞ்சி ஊட்டிவிட்டு வருகிறவள் கித்தேரி ஒருத்திதான்.

இப்போது காலையில் போகிறவள் மத்தியானம் போனாள். மத்தியானம் போகிறவள் சாயங்காலம் எட்டிப் பார்த்தாள். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் ஆயிற்று.

"என்னட்டி," என்றான் சந்தியாகு, அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தபோது. "இன்னிக்கு ஒன் ஆண்டவரு லீவு குடுத்துட்டாரா?"

"வாய மூடும் மாமா. அங்க எம்புட்டுக் கூட்டம் தெரியுமா ஒமக்கு?"

"அவருக்குப் பட்டு மெத்தையாமே. எனக்கு இந்தச் சாக்க மாத்திப் போட ஆளில்ல." சிரித்தான். "போட்டும். அவருக்கும் காலு வெளங்கல, எனக்கும் வெளங்கல. அவரு வையமாட்டாரு, நா வைவேன். நீ அவரத்தான பாப்ப."

அவள் கஞ்சியை ஊட்டினாள், புரட்டிப் போட நேரமில்லாமல் கிளம்பிவிட்டாள்.

எத்தனை மருந்து போட்டும் ஆண்டவரின் புண் ஆறவில்லை. இடுப்பில் இருந்தது பெரிதாகிக் குழி விழுந்தது, குதிகாலில் ஒன்று புதிதாக வந்தது. ஒருநாள் துடைத்துக்கொண்டிருந்தபோது கித்தேரியின் கை நின்றது. ஆண்டவரின் முதுகில், புண்ணைச் சுற்றி, கட்டம் கட்டமாக ஒரு தழும்பு அழுந்திக் கிடந்தது. கயிற்றின் முறுக்குக்கூடத் தெரிந்தது. பட்டு மெத்தையைத் தடவிப் பார்த்தாள், வழுவழு என்றிருந்தது. கயிற்றுக் கட்டிலில் கிடக்கிறவனுக்கு விழுகிற தழும்பு பட்டில் கிடக்கிறவருக்கு எப்படி விழும் என்று யோசித்தாள்.

நாற்காலியைத் தள்ளிவிட்டு நேரே மேற்கு முடுக்குக்குப் போனாள். சந்தியாகுவைப் புரட்டினாள். அதே இடத்தில் அதே குழி, அதே குதிகால், அதே தழும்பு. தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவன் வைதுகொண்டே இருக்க, வெந்நீர் வைத்து, சிவப்புச் சோப்புப் போட்டுத் தலையிலிருந்து கால்வரை குளிப்பாட்டி, சாக்கைத் தூக்கி எறிந்துவிட்டுத் தன் பழைய சேலையை மடித்துப் போட்டுக் கிடத்தினாள். மறுநாள் பெட்டியைத் திறந்தபோது ஆண்டவரின் குதிகால் காய்ந்திருந்தது. அவர் உடம்பு முழுக்கச் சிவப்புச் சோப்பு வாசனை அடித்தது.

சுவக்கின் சாமியாரிடம் போய்ச் சொன்னாள். அவர் அவளோடு முடுக்குவரை வந்தார், கட்டிலைப் பார்த்தார், சந்தியாகுவின் வசவைத் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். திரும்பி வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். குருத்து ஞாயிறு பூசையில் அதையே பிரசங்கமாக வைத்தார். அப்படி ஒரு பிரசங்கம் வெள்ளித்தாழைக் கோயிலில் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. நாம் யாருக்கு ஈ ஓட்டுகிறோம், யாரை ஈ மொய்க்க விட்டிருக்கிறோம் என்று அவர் கேட்டபோது, ஆண்கள் பக்கத்திலிருந்தே விம்மல் எழுந்தது. கஸ்பார் மேல்துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். பூசை முடிந்ததும் பெண்கள் கித்தேரியைச் சூழ்ந்துகொண்டு, சந்தியாகு அண்ணனுக்காகச் செபமாலை சொல்கிறோம் என்றார்கள், சொல்லவும் செய்தார்கள்.

ஊர் கெட்ட ஊர் இல்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். நாலைந்து பேர் முடுக்கு முனைவரை போனார்கள். நாற்றமும் வசவும் சேர்ந்து வந்து முகத்தில் அடித்ததில் அங்கிருந்தே சிலுவை போட்டுக்கொண்டு திரும்பினார்கள். ஒருத்தி ஒரு சீப்பு வாழைப்பழத்தை வாசலில் வைத்துவிட்டு வந்தாள், அதை ஆடு தின்றது. மற்றவர்கள், இத்தனை பேர் இப்படி அழுதிருக்கிறார்களே, யாராவது போயிருப்பார்கள் என்று நினைத்தார்கள். பல பேர் கூடினால் பாம்பு சாகாது என்பது இதற்கும் பொருந்தும்.

பெரிய வாரத்தில் ஆண்டவரின் உடம்பு சுட்டது. தொட்டவர்கள் கையை எடுத்துக்கொண்டு, ஆண்டவருக்கு உயிர் வருகிறது என்று கூத்தாடினார்கள். கித்தேரி தொட்டுப் பார்த்தாள். அது உயிரில்லை, காய்ச்சல் என்று அவளுக்குத் தெரியும். முடுக்கில் சந்தியாகு பல்லைக் கடித்து நடுங்கிக்கொண்டிருந்தான், வைவதைக்கூட நிறுத்தியிருந்தான். அதுதான் அவளை ரொம்பப் பயமுறுத்தியது.

அவள் கஸ்பாரிடம் ஓடினாள். "கஸ்பாரண்ணே, மாமாவுக்கு அனலாக் கொதிக்கி. இன்னிக்கே தூத்துக்குடிக்கு, பெரியாசுபத்திரிக்குக் கொண்டு போவணும். ஒங்க வண்டியக் குடுங்க."

கஸ்பார் உண்மையாகவே வருந்தினார். "ஏ தாயி, வண்டியெல்லாம் சனத்த ஏத்தப் போயிருக்கே. நாளைக்குப் பெரிய வியாழன், மறுநாளு ஆசந்தி. உயிர்ப்புப் பூசை முடியட்டும். நானே எங்கையாலத் தூக்கி வண்டியில வச்சிக் கொண்டு போறேன், சத்தியம். நீ இப்ப ஆண்டவர விட்டுட்டு எங்கயும் போயிராத. ஒன்னைய நம்பித்தான் இம்புட்டுச் சனம் வருது."

அவள் இன்னும் ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். தெருவில் நின்று, வருகிற வேனை மறித்திருக்கலாம். கஸ்பாரின் பங்களா வாசலில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றிருக்கலாம், கருவாட்டுப் பாக்கிக்கு அப்படி உட்கார்ந்தவள்தானே. ஒன்னைய நம்பித்தான் என்ற சொல் அவளைக் கட்டிப்போட்டுவிட்டது. முடுக்குக்குத் திரும்பிப் போய் ஈரத்துணியை நெற்றியில் போட்டாள்.

"ஞாயித்துக்கிழம ஆசுபத்திரிக்குப் போயிரலாம் மாமா. அதுவரைக்கும் பெர்பெத்து மைனி வந்து பாத்துக்கிடுவா. வெள்ளிக்கிழம ராவு ஆசந்தி எறங்குனதும் நா வந்துருவேன்."

சந்தியாகு கண்ணைத் திறந்தான். "அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுட்டுப் போட்டி," என்றான். "கடலுப் பக்கம்."

அவள் அவனைத் திருப்பிப் போட்டுவிட்டுப் போனாள்.

பெர்பெத்தாள் பக்கத்து வீட்டுக்காரி, வாக்குக் கொடுத்தால் மீறாதவள். வியாழக்கிழமை போனாள், கஞ்சி ஊற்றினாள். வெள்ளிக்கிழமை காலை போகும் வழியில் கோயில் வாசலைப் பார்த்தாள். ஆண்டவரின் பாதத்தில் முத்தமிட்டு முத்தி செய்கிற வரிசை குறைச்சலாக இருந்தது. முத்தி செய்துவிட்டுப் போவோம் என்று நின்றாள். வரிசையில் நின்றபின் பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது, விட்டுப்போனால் இடம் போய்விடும். தூக்குச் சட்டியில் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது.

கித்தேரி ஆசந்திக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் கை ஆண்டவரைத் தொட்ட கை, அவர் பெட்டிக்குத் திரும்பும்வரை வேறு எதையும் தொடக்கூடாத கை. பெரிய வெள்ளிக்கு மணி அடிக்கமாட்டார்கள், மரத்தட்டியைத்தான் தட்டுவார்கள். தட்டியின் சத்தம் முன்னால் போக, ஒப்பாரி பின்னால் வர, ஆசந்தி வடக்குத் தெருவில் ஏறி, கடற்கரை மணலில் இறங்கி, தெற்குத் தெருவுக்குத் திரும்பியது. அவள் கை ஆண்டவரின் விலாவிலேயே இருந்தது. அது கொதித்துக்கொண்டே இருந்தது, கொதிக்கும்வரை அவளுக்கு ஒரு நிம்மதி. மேற்கு முடுக்கின் முனைக்கு வந்தபோது கழுத்தை நீட்டி இருட்டுக்குள் பார்த்தாள். முடுக்கு குறுகல், ஆசந்தி அதற்குள் போவதில்லை. எந்தக் காலத்திலும் போனதில்லை.

முனையைத் தாண்டிச் சற்றுத் தூரம் போனதும் ஆண்டவரின் உடம்பு குளிர்ந்தது. அவள் கைக்குக் கீழேயே சதை இறுகி, கட்டையாகி, மரமானது. போர்த்தியிருந்த துணியை விலக்கிப் பார்த்தாள். இடுப்பில் புண் இல்லை. குதிகாலில் இல்லை. கயிற்றுத் தழும்பு இல்லை. பழைய வர்ணம் மினுமினுத்தது.

தூக்கிப்போன ஒருத்தன் பார்த்துவிட்டான். "ஆறிட்டு! ஆண்டவருக்குப் புண்ணு ஆறிட்டு!" என்று கத்தினான். அடுத்தவன் கத்தினான், தெரு கத்தியது, ஊர் கத்தியது. புதுமை, அற்புதம் என்று சனம் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள் அதே மூச்சில் அல்லேலூயா பாடினார்கள், பெரிய வெள்ளியில் அதைப் பாடக்கூடாது என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. கஸ்பார் மண்ணில் விழுந்து கும்பிட்டார். காலையிலிருந்து கோயிலைவிட்டு நகராத பெர்பெத்தாள் அதே தூக்குச் சட்டியோடு ஆனந்தக் கண்ணீர் விட்டுக்கொண்டு நின்றாள்.

அந்தச் சட்டியைப் பார்த்தாள் கித்தேரி. அவ்வளவுதான். ஆண்டவரின் மேலிருந்து கையை எடுத்தாள், கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினாள்.

சந்தியாகு அவள் திருப்பிப் போட்டுப் போன பக்கத்திலேயே கிடந்தான். கண் கடலைப் பார்த்துத் திறந்திருந்தது. இடுப்பிலும் குதிகாலிலும் புண்கள் இருந்தன, ஒன்றுகூட ஆறவில்லை. அவற்றிலிருந்து கசிவதற்குத்தான் இனி எதுவும் இல்லை. அவள் அடுப்பை மூட்டி வெந்நீர் வைத்தாள்.

சுவக்கின் சாமியாரும் கஸ்பாரும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது அவள் அவன் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கஸ்பாரின் முகம் பூரித்திருந்தது. "தாயி, ஆசந்தி நடுத்தெருவுல நிக்கி. ஆண்டவருக்கு ஆறிட்டு தாயி! நீ வந்து சனத்துக்கு முன்னால ஒரு வார்த்த..." என்றவர், கட்டிலைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கித்தேரி துணியைப் பிழிந்தாள்.

"ஆறலண்ணே," என்றாள். "செத்துட்டாரு."

சாமியார் வாசற்படியில் அப்படியே முழங்காலிட்டார். அவள் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சந்தியாகுவை மெதுவாக மறுபக்கம் புரட்டிப் போட்டாள். இனி அதற்குத் தேவையில்லை என்று தெரிந்தும் கை கேட்கவில்லை.

அந்தப் புதுமையின் பேரில் பிறகு ஒரு மண்டபம் கட்டினார்கள். திறப்பு விழாவில் கித்தேரியைத் தேடினார்கள், அவள் கருவாட்டுக் கூடையோடு வெளியூருக்குப் போயிருந்தாள். கஸ்பார் சந்தியாகுவுக்குச் செலவு பார்க்காமல் நல்ல கல்லறை கட்டிக் கொடுத்தார். அவர் சொன்ன சொல்லை நாள் தள்ளியாவது காப்பாற்றுகிறவர்.

மறுவருஷம் தவசுக்காலம் வந்தது. பெட்டியைத் திறந்து தூசி தட்டக் கித்தேரியைத்தான் கூப்பிட்டார்கள். அறையில் வேறு யாரும் இல்லை. சொரூபத்தைப் புரட்டினாள். இடுப்பு சுத்தமாக இருந்தது. தோள்பட்டைக்குக் கீழே, வர்ணத்துக்கு அடியில், கொசு கடித்தது போல ஒரு சிவப்பு. விரல் வைத்தாள். இளஞ்சூடு.

துணியைப் போர்த்தி, பெட்டியை மூடி, கோயிலை விட்டு வெளியே வந்தாள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வடக்குத் தெருவின் முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள். கதவைத் திறந்தவள், கருவாடு வேண்டாம் என்றாள்.

"கருவாட்டுக்கு வரல," என்றாள் கித்தேரி. "வீட்டுல யாரும் கெடையில கெடக்காவளா?"

அந்தக் கதவு சாத்திக்கொண்டது. அவள் அடுத்த கதவுக்குப் போனாள்.